சென்ட்ரல் வேலி 150 அடி பிராட் டிரஸ் பாலம்: பொறுமை இருந்தால் வாங்கலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு மாடல் ரயில் லேஅவுட்டில் ரயில் சீக்கிரம் ஓட வேண்டும், நடுவில் ஒரு பாலம் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான் என்பவர்களுக்கு இந்தக் கிட் சரிப்படாது. அவர்களுக்குக் காட்டோ கம்பெனியின் 248 மி.மீ. டிரஸ் பாலம் (டிரஸ் என்றால் கம்பிகளை முக்கோணமாகப் பின்னிய சட்டம்) போதும். தண்டவாளத்தோடு ரெடிமேடாக வருகிறது, அவர்களுடைய யூனிட்ராக் தண்டவாளத்தில் டக்கென்று மாட்டினால் வேலை முடிந்தது. (அது 'N' ஸ்கேல் என்ற சின்ன அளவு, அதைவிடப் பெரிய ஹெச்.ஓ. வைத்திருப்பவர்கள் வேறு பார்க்க வேண்டும்.) ஆனால் ரயிலைவிடப் பாலத்தின் மேல்தான் எனக்குக் கண், ஆற்றைக் கடக்கும்போது வாசலில் நின்று கர்டர்களை எண்ணுகிற ஆள் நான் என்று சொல்பவர்கள் மேலே படியுங்கள். சென்ட்ரல் வேலி மாடல் ஒர்க்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் 150 அடி ஒற்றைத் தடப் பிராட் டிரஸ் கிட், இதுவரை நான் கையில் எடுத்த பிளாஸ்டிக் பாலங்களிலேயே அசல் பாலத்துக்கு மிகவும் கிட்டத்தில் வருவது.

ஹெச்.ஓ. என்றால் 1:87. 150 அடியை 87 ஆல் வகுத்தால் ஐம்பத்திரண்டரை சென்டிமீட்டர் வருகிறது, அதாவது ஒரு சாதாரண மேசையின் அகலத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். கடையில் படத்தைப் பார்த்து ஆர்டர் போடுபவர்கள் இந்த நீளத்தை முதலில் மேசை மேல் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்ப்பது நல்லது. பாலம் மட்டும் 52 என்றால் இரண்டு பக்கமும் மண்மேடு, அணுகுதடம் எல்லாம் சேர்ந்து ஒரு மீட்டரைத் தாண்டிவிடும்.

பெட்டிக்குள் இருப்பது கருப்பு ஸ்டைரீன் பிளாஸ்டிக் பாகங்கள். தூண், சாய்வுக் கம்பி, மேல் சட்டம், கீழ் சட்டம், குறுக்கு உத்தரம் என்று எல்லாம் தனித்தனியாக. இந்தக் கிட்டின் பெருமை முழுக்க லேசிங்கில் இருக்கிறது. லேசிங் என்பது பழைய இரும்புப் பாலங்களில் இரண்டு சேனல்களை இணைத்துக் குறுக்கும் மறுக்குமாக அடித்திருக்கும் பட்டைகள். விலை குறைந்த கிட்களில் இதை ஒரு முழுத் தகட்டின் மேல் கோடாகப் போட்டுவிடுவார்கள், தூரத்தில் இருந்து பார்த்தால் பழுதில்லை, பக்கத்தில் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதில் அது நிஜமாகவே ஓட்டை, ஈர்க்குச்சியைவிட மெல்லிய பட்டைகளின் வழியாக எதிர்ப்பக்கச் சுவர் தெரிகிறது. பட்டை சேரும் இடத்தில் ரிவெட் தலையும் இருக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால்தான் அந்த ரிவெட்கள் எழுந்து நிற்கும், நேர் வெளிச்சத்தில் கருப்புக்குள் கருப்பாக மறைந்துவிடும்.

பிராட் டிரஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தாமஸ் பிராட், கேலப் பிராட் என்று மகனும் அப்பாவும் சேர்ந்து 1844 ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அமைப்பு. சாய்வுக் கம்பிகள் எல்லாம் பாலத்தின் நடுவை நோக்கிக் கீழே இறங்கும். சுமை வரும்போது அவை இழுபடும், செங்குத்துத் தூண்கள் அமுங்கும். இழுபடுகிற இரும்பு மெல்லிசாக இருக்கலாம், அமுங்குகிற இரும்பு நெளிந்துவிடாமல் இருக்கத் தடியாக, பெட்டி மாதிரி இருக்க வேண்டும். இதைப் படத்தில் எத்தனையோ முறை பார்த்திருந்தாலும், கிட்டின் பாகங்களை அவை ஒட்டி வரும் வார்ப்புச் சட்டத்திலிருந்து வெட்டி மேசையில் பரப்பும்போதுதான் எது ஏன் தடி, எது ஏன் மெல்லிசு என்பது விரலுக்குப் புரிகிறது. மேல் சட்டமும் முனையில் சாய்ந்து நிற்கும் தூணும் கனம். நடுவில் வரும் சாய்வுகள் ஒல்லி. கட்டி முடித்த பிறகு உண்மையான பாலத்தைப் பார்க்கிற பார்வையே மாறிவிடுகிறது. ரயிலில் போகும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் விளக்க ஆரம்பித்துவிடுவீர்கள், அவர் கேட்டாரா என்பது வேறு விஷயம்.

வெட்டுவதில் அவசரம் கூடாது. லேசிங் உள்ள பாகத்தை நிப்பரில் வார்ப்புச் சட்டத்துக்கு ஒட்டி ஒரே நறுக்காக நறுக்கினால் அதிர்ச்சியில் நடுப் பட்டை தெறித்துவிடும். சட்டத்தையே முதலில் துண்டு துண்டாகத் தள்ளி வெட்டி, பாகத்தின் மேல் இருக்கும் இழுப்பைத் தளர்த்திவிட்டு, கடைசியில் பிளேடால் சீவி எடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் முனையை 400 நம்பர் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு. அதற்கு மேல் தேய்த்தால் பக்கத்தில் இருக்கும் ரிவெட்டும் போய்விடும்.

பசை விஷயத்தை நம் ஊர் ஆட்கள் கவனமாகப் படிக்கவும். ஃபெவிக்விக் வகைப் பசையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஒட்டும், ஆனால் அந்த ஒட்டு விறைப்பானது, பாலத்தைத் தூக்கும்போது லேசாக முறுக்கினாலே படக்கென்று விடும். ஸ்டைரீனைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்குகிற தண்ணீர் மாதிரியான சிமெண்ட்தான் சரி. பச்சை மூடி போட்ட டாமியா எக்ஸ்ட்ரா தின் பெரும்பாலோர் பயன்படுத்துவது, நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். இரண்டு பாகத்தையும் காய்ந்தபடியே சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகையின் நுனியால் இணைப்பின் ஓரத்தை ஒரு தொடு தொட்டால் போதும். திரவம் தானாகவே இடுக்குக்குள் ஓடி, கஸ்ஸெட் தகட்டின் (கம்பிகள் சேரும் இடத்தில் வரும் தகடு) மறுபக்கம் ஒரு மெல்லிய ஈரக்கோடாக எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட வேண்டும், இன்னொரு சொட்டு வைத்தால் விரல் ரேகை பாலத்தில் பதிந்துவிடும். சென்னை வெயிலில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் தூரிகை இணைப்பைத் தொடுவதற்குள் பாதி ஆவியாகிவிடுகிறது. விசிறியை நிறுத்தினால் வேர்க்கிறது, ஜன்னலை மூடினால் நெடி. ஆகவே காலை ஆறு மணி வேலை இது, ஜன்னல் திறந்திருக்கட்டும், விசிறி வேண்டாம்.

இரண்டு பக்க டிரஸ்களையும் படுக்கவைத்துக் கட்டுவது எளிது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துச் செய்தால் தட்டையாக வரும். சிக்கல் வருவது இரண்டையும் நிறுத்தி, கீழே குறுக்கு உத்தரங்களும் மேலே போர்ட்டலும் (பாலத்தின் வாசல் சட்டம்) குறுக்குப் பட்டைகளும் போட்டு இணைக்கும்போது. ஒரு முனை அரை மில்லிமீட்டர் தவறினால் மறுமுனையில் பாலம் முறுக்கிக்கொண்டு நான்கு காலில் ஒன்று தரையைத் தொடாமல் ஆடும். இதற்குக் கிட்டில் மாயமந்திரம் எதுவும் இல்லை. தச்சர் வைத்திருக்கும் சின்ன மூலைமட்டம் இரண்டு, ஒரே அளவில் அறுத்த மரக்கட்டைகள் சில, ரப்பர் பேண்டுகள், இவற்றோடு நிதானம். கட்டைகளை உள்ளே நிறுத்தி, டிரஸ்களை அவற்றோடு சாய்த்து, எல்லா மூலையும் பார்த்த பிறகே பசை. நடுவிலிருந்து இரண்டு முனைகளுக்கும் போனால் பிழை ஒரே பக்கம் சேராது. கிட்டின் பாகங்கள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதால்தான் இவ்வளவும் சாத்தியமாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த விலைக்கு அந்தப் பொருத்தம் வந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அதுவும் நியாயம்தான்.

பெட்டியில் என்ன இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தண்டவாளம் இல்லை. ஸ்லீப்பர் கட்டைகள், அவற்றின் மேல் தண்டவாளம் உட்கார வேண்டிய சின்னத் தகடுகளோடு அச்சாகி வருகின்றன, தண்டவாளத்தை நாம்தான் தனியாக வாங்கி ஒட்ட வேண்டும். லேஅவுட்டில் கோட் 83 போட்டிருந்தால் இங்கேயும் அதே (கோட் என்பது தண்டவாள உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று). உலோகத்தைப் பிளாஸ்டிக்கோடு சேர்க்க அந்த மெல்லிய சிமெண்ட் உதவாது. செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் பசை வகைதான் பிடிக்கும், அதையும் மெல்லிசாகத் தடவ வேண்டும், திட்டாக வைத்தால் கட்டையைத் தின்றுவிடும். ஒரு பக்கத் தண்டவாளத்தை ஒட்டி நன்றாகக் காயவிட்டு, மற்றதைக் கேஜ் (தண்டவாள இடைவெளியை அளக்கும் தகடு) வைத்து ஒட்டுங்கள். அப்புறம் கரைத் தூணும் நடுத் தூணும் கிட்டில் கிடையாது. அது குறை என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொருவர் லேஅவுட்டில் ஆறு ஒவ்வொரு ஆழம், அவர்கள் கொடுத்தாலும் நாம் தூக்கிப்போட்டுவிட்டு நம் உயரத்துக்கு வேறு செய்வோம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் ரயில்வேயில் ஓப்பன் வெப் கர்டர்களுக்கு, அதாவது இந்த மாதிரி டிரஸ்களுக்கு, என்று வழக்கமான நீளங்கள் உண்டு. 30.5 மீட்டர், 45.7, 61, 76.2. அடிக்கணக்கில் சொன்னால் 100, 150, 200, 250. அதாவது இந்த அமெரிக்கப் பெட்டியில் வரும் 150 அடி என்பது கிட்டத்தட்ட நம்முடைய 45.7 மீட்டர் ஸ்பான்தான் (ஸ்பான் என்றால் இரண்டு தூண்களுக்கு நடுவில் வரும் ஒரு கண்), வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. ராஜமுந்திரியில் கோதாவரியின் மேல் 1900 ல் திறந்த பழைய ஹேவ்லாக் பாலம், மெட்ராஸ் கவர்னர் பெயரைத் தாங்கியது, 1997 வரை மெட்ராஸ் ஹவுரா மெயில்களைத் தாங்கியது, அதில் 150 அடி ஸ்பான்கள் 56. முழுப் பாலத்தையும் ஹெச்.ஓ. வில் கட்டினால் 29 மீட்டருக்கு மேல் வரும், வீட்டை விற்றுவிட்டுக் கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு ஸ்பான் போட்டு நடுவில் ஒரு கல்தூண் நிறுத்தினாலே ஆந்திரப் பக்கத்து ஆறு ஒன்று கண்ணுக்கு வந்துவிடுகிறது.

ஆனால் நீளம் சரியாக இருப்பதால் மட்டும் இது இந்தியப் பாலம் ஆகிவிடாது. இப்போதைய நம் கர்டர்கள் பெரும்பாலும் வாரன் வகை, செங்குத்துத் தூண்களோடு. அதில் சாய்வுகள் டபிள்யூ மாதிரி மாறி மாறிப் போகும். பிராட்டில் எல்லாம் நடுவைப் பார்த்தே இறங்கும். பாலம் தெரிந்தவர் யாராவது வீட்டுக்கு வந்தால் இதைத்தான் முதலில் சொல்வார். அடுத்தது ஸ்லீப்பர். நம் கர்டர் பாலங்களில் மரக்கட்டையை எடுத்துவிட்டு இரும்புச் சேனல் ஸ்லீப்பர் போட்டுவிட்டார்கள். அது வேண்டும் என்றால் எவர்கிரீன் கம்பெனியின் ஸ்டைரீன் சேனல் பட்டைகளை வாங்கி வெட்டிக்கொள்ள வேண்டும், கிட்டின் கட்டைகள் வீண். எண்பதுகளின் காட்சியைக் கட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டால் மரக்கட்டையே போதும், நான் அந்தச் சாக்கைத்தான் பிடித்துக்கொண்டேன். தண்டவாளத்துக்கு உட்பக்கம் இரண்டு கார்டு ரயில், அதாவது காவல் தண்டவாளம், கட்டாயம் வேண்டும், பாலம் முடிகிற இடத்தில் இரண்டும் உள்வாங்கி நெருங்கி வர வேண்டும். அது இல்லாத பாலம் பார்க்கும்போதே ஏதோ குறைகிறது. ஓரத்தில் கேங்மேன் நடக்கச் செக்கர் பிளேட் பாதை ஒன்று ஒட்டினால் இன்னும் நன்று.

கேஜ் பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நம் அகலப்பாதை 1676 மி.மீ., 87 ஆல் வகுத்தால் 19.3 வரும். ஹெச்.ஓ. தடமோ 16.5. நாம் எல்லோரும் நம் ரயில் மாடல்களை இந்த 16.5 ல்தான் ஓட்டுகிறோம், கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டு. இந்தக் கிட்டில் தண்டவாளத்தை நாமே ஒட்டுவதால், ஓட்டுவதற்கு இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தான் என்றால், கட்டையில் இருக்கும் தகடுகளைச் சீவிவிட்டு 19.3 ல் ஒட்டிக்கொள்ளலாம். இழுத்து மாட்டுகிற ரெடிமேட் பாலத்தில் இதை யோசிக்கக்கூட முடியாது.

நிறம். அமெரிக்கக்காரர்கள் கருப்பில் துருவை ஏற்றி முடித்துவிடுவார்கள். நம் கர்டர்களுக்கு அடியில் ரெட் ஆக்சைடு வகைப் பிரைமர், மேலே அலுமினியம் பெயிண்ட், அந்தச் சாம்பல் வெள்ளி. அதையே வரிசை மாறாமல் செய்தால் போதும். முதலில் சிவப்புப் பிரைமர், காய்ந்ததும் மேலே வெள்ளி, பிறகு ரிவெட் வரிசையிலும் கீழ்ச் சட்டத்தின் மேல்பக்கத்திலும் ஈரமான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் அடியில் இருக்கும் சிவப்பு எட்டிப் பார்க்கும். துரு வரைய வேண்டியதே இல்லை. கீழ்ச் சட்டத்தில் ஏன் அதிகம் என்றால், தண்ணீரும் தூசியும் தங்குவது அங்கே, பெட்டிகளின் கழிவறைகள் நேராகக் கீழே திறந்திருந்த காலத்தில் அதுவும் அங்கேதான் விழுந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் கார்களுக்கு விற்கும் ஸ்பிரே டப்பாக்களை எடுத்துக்கொண்டு வந்து நேராகப் பாலத்தில் அடிக்காதீர்கள். காட்டமான தின்னர் உள்ள லாக்கர் ஸ்டைரீனைச் சுட்டுவிடும், லேசிங்தான் முதலில் போகும். வெட்டிப்போட்ட சட்டத் துண்டில் அடித்துப் பார்த்து, ஒரு நாள் வைத்திருந்து, சொரசொரப்பு இல்லை என்றால் மட்டும், தூரத்தில் இருந்து மெல்லிய பூச்சுகளாக.

வாங்குவதில்தான் மனம் நோகிறது. இந்தியாவில் இதை வைத்திருக்கும் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை, அமெரிக்கக் கடையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். நம் சுங்கத்துக்கு இது பொம்மை. ஸ்கேல் மாடல்களும் குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டியும் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023 ல் 70. மேலே ஜி.எஸ்.டி., கூரியர்காரர்களின் கையாளும் கட்டணம் எல்லாம் தனி. மலிவான இறக்குமதிப் பொம்மைகளைத் தடுக்க வந்த வரி, நடுவயதுக்காரன் ரிவெட் எண்ணுவதற்கும் சேர்த்தே விழுகிறது. எனக்கு வந்த பெட்டி மூலை நசுங்கி, டேப் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டு வந்தது. கொண்டுவந்த கூரியரிடம் கேட்டதற்கு வந்த பதில்களைச் சேர்த்தால் தனிக் கட்டுரை எழுதலாம், அது இங்கே வேண்டாம். நல்லவேளை, சட்டங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் ஒரே ஒரு பட்டைதான் விட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் பெட்டியில் ஓர் ஓரம் கேளுங்கள். பெட்டி பெரிதில்லை, எடையும் அதிகமில்லை. அண்ணிக்கு என்ன வாங்கி வர என்று அவர் கேட்கும் முன்பே நீங்கள் கேட்டுவிட வேண்டும்.

இவ்வளவு எதற்கு, உள்ளூரிலேயே எம்.டி.எஃப். பலகையில் லேசர் வெட்டிய பாலங்கள் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். ஒன்று வாங்கிப் பார்த்தேன், விற்றவர் பெயர் வேண்டாம். விலை குறைவு, கட்டுவதும் எளிது, லோகோ ஏறினால் தாங்கும், இதெல்லாம் உண்மை. ஆனால் மூன்று மில்லிமீட்டர் பலகை என்பது ஹெச்.ஓ. கணக்கில் கால் மீட்டருக்கு மேல் கனம். அப்படி ஒரு இரும்புத் தகடு எந்தப் பாலத்திலும் இல்லை. ஓரங்களில் லேசர் கருக்கிய பழுப்பு, பெயிண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, மழைக்காலத்தில் உப்பவும் செய்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுவதற்கு நல்ல பொருள். இந்தக் கிட்டோடு ஒப்பிடக்கூடாது.

பாம்பன் பாலம் கட்ட இது ஆகுமா என்று கேட்பவர்கள் நிறைய. ஆகாது. 1914 ல் திறந்த பழைய பாம்பனில் வரிசையாகக் கட்டியவை 40 அடி பிளேட் கர்டர்கள் (பின்னல் இல்லாத, முழுத் தகட்டு உத்தரங்கள்), ஹெச்.ஓ. வில் ஒன்றுக்குப் பதினான்கு சென்டிமீட்டர். அதற்கு டிரஸ் கிட் எதற்கு, ஸ்டைரீன் தாளும் ஐந்தாறு வகைப் பட்டைகளும் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். கஷ்டம் நடுவில் திறக்கும் ஷெர்சர் ஸ்பானில் இருக்கிறது, அதற்குக் கிட் தேடிப் பயனில்லை, படங்களைப் பார்த்துக் கையால்தான் செய்ய வேண்டும். 2007 வரை அது மீட்டர்கேஜ் என்பதால் 12 மி.மீ. தடத்தில் அளவும் ஏறக்குறைய சரியாக வரும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் தூக்கு ஸ்பான் 72.5 மீட்டர், ஹெச்.ஓ. வில் 83 சென்டிமீட்டர். இரண்டு கிட்டை வாங்கி வெட்டி இணைத்துவிடலாமே என்று எனக்கும் ஒரு யோசனை ஓடியது. ஆனால் புதிய பாலம் வெல்டிங் செய்தது, இந்தக் கிட் முழுக்க ரிவெட். காசு கொடுத்து வாங்கிய ரிவெட்டை உட்கார்ந்து சுரண்டி எடுக்க எனக்கு மனசு வராது.

வாங்க முடிவு செய்துவிட்டால் கூடவே என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கேஜ் தகடு ஒன்றையும் அதே ஆர்டரில் போட்டுவிடுங்கள். சின்ன உலோகத் தகடுதான். தண்டவாள இடைவெளிக்கும் அதுதான், போர்ட்டலுக்குள் வண்டி இடிக்காமல் போகுமா என்று பார்ப்பதற்கும் அதுதான். அமெரிக்க அளவுக்குப் போட்ட தகடு என்பதால், உங்களிடம் இருப்பதிலேயே உயரமான பெட்டி, மின்பாதை என்றால் பாண்டோகிராஃப் (மேலே மின்கம்பியைத் தொடும் கை) தூக்கிய லோகோ, இரண்டையும் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே பாலத்துக்குள் தள்ளிப் பார்த்துவிடுங்கள். பாண்டோகிராஃப் இடித்தால் மேல் குறுக்குப் பட்டைகளை அந்த நிலையில் எடுத்து மாற்றுவது சுலபம், வெள்ளி அடித்த பிறகு வயிற்றெரிச்சல்.